பூதபுரிச் சாலையில் ஆரைக்கீரை

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 40 கி.மீ. தொலைவு சென்றால் ஸ்ரீபெரும்புதூர். எம்பெருமானார் ஸ்ரீராமானுஜர் 1017ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் அவதரித்த புண்ணிய பூமி. பூதபுரி என்பது இதன் புராணப் பெயர். ஈசனின் திருநடனத்தின்போது நகைத்த குற்றத்துக்காகச் சாபம் பெற்ற பூதகணங்கள், இங்கே திருமாலை நோக்கித் தவமிருந்து, ஆதிசேஷன் உண்டாக்கிய அனந்த சரஸில் நீராடிச் சாபம் நீங்கப் பெற்றன என்பது தலபுராணம். அந்தக் கணங்களே ஆதிகேசவப் பெருமாளுக்கு ஆலயம் எழுப்பின என்பர். யதிராஜநாதவல்லித் தாயாரைச் சேவித்து, ‘தான் உகந்த திருமேனி’யாக எழுந்தருளியிருக்கும் உடையவரைக் கண்ணாரக் கண்டு திரும்பியவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள்.

தரிசனம் முடிந்ததும் பெரும்பாலோர் வந்த வழியே சென்னைக்கோ காஞ்சிக்கோ திரும்பிவிடுவார்கள். தெற்கே பிரியும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் செல்பவர்கள் குறைவு. ஒரு முனையில் ஆதிகேசவர், மறுமுனையில் பாடலாத்ரி நரசிம்மர், இடையே வல்லக்கோட்டை முருகன் என்று மூன்று சந்நிதிகளைக் கோத்த மாலை போன்றது அந்தச் சாலை. ஆனால் இன்று அதில் பயணம் செய்வோர் காண்பது கோபுரங்களை அல்ல. கார் தொழிற்சாலைகளையும், பாரம் ஏற்றிய நெடிய லாரிகளையும், பணிநேரம் மாறும்போது வரிசையாகப் புறப்படும் நிறுவனப் பேருந்துகளையும்தான்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை தொடங்கியது முதல் இந்த வட்டாரத்தின் முகம் மாறத் தொடங்கிற்று. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது, 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. பிறகு டயர், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, மின்னணுக் கருவிகள் என்று வந்தவற்றை எண்ணி முடியாது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பெரிய வழிசெய்த இடம் இது. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. என் சொந்தக்காரப் பிள்ளைகள் இருவருக்கே இங்குதான் வேலை.

வல்லக்கோட்டையில் இறங்கினேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 10 கி.மீ. இங்கே மூலவர் சுப்பிரமணிய சுவாமி சுமார் ஏழடி உயரத்தில் நின்ற திருக்கோலம். அண்ணாந்து பார்த்தால்தான் திருமுகம் தெரியும். பகீரதன் என்ற மன்னன் இழந்த நாட்டை மீண்டும் பெற வழிபட்ட தலம் என்றும், இந்திரன் தன் வஜ்ராயுதத்தால் உண்டாக்கிய தீர்த்தம் இங்குள்ளது என்றும் சொல்வார்கள். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலமும்கூட. செவ்வாயும் கிருத்திகையும் கூட்டம் மிகும். நான் சென்றது ஒரு சாதாரண புதன்கிழமை. நிதானமாகத் தரிசித்துவிட்டு, மார்கழி வெயில் இதமாக இருந்ததால், அருகிலிருந்த ஒரு சிற்றேரியின் கரையோரம் சிறிது தூரம் நடந்தேன். இந்தக் கட்டுரைக்கு உரிய பொருள் அங்கேதான் கிடைத்தது.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்று முன்னோர் அழைத்தது சும்மா அல்ல. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இல்லாத நிலம் இது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையே கதி. அதைத் தேக்கிவைக்க, ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால் அடுத்தது நிரம்பும்படி, சங்கிலிக் கோவையாக ஏரிகளை வெட்டி வைத்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கு வரும் நீரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளுக்கும் பங்குண்டு. ஏரிக்குள் நீர், மதகுக்குக் கீழே கழனி, இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஈரமாயிருக்கும் சேறு. அந்தச் சேற்றுக்கென்றே பிறந்த ஒரு சிறு செடி உண்டு. அதுதான் ஆரை. நீராரை என்றும், ஆரைக்கீரை என்றும், பேச்சு வழக்கில் ஆராக்கீரை என்றும் சொல்வோம்.

கரையோரத்தில் அதை இரு பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய உள்ளூர் மூதாட்டி. மற்றவள் இருபத்தைந்து வயதிருக்கும் இளம்பெண். புடவைத் தலைப்பை முக்காடிட்டிருந்த விதத்திலேயே வடநாட்டவள் என்று தெரிந்தது. மூதாட்டி என்னைப் பார்த்து, “கோயிலுக்கு வந்தீங்களா சாமி?” என்றார். “ஆமாம்மா. அது ஆரைக்கீரைதானே?” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “இதத் தெரியுமா உங்களுக்கு? இப்ப யாரும் கேக்கறதே இல்லீங்களே!”

எனக்கு அதை அடையாளம் காட்டியவர் என் பாட்டி. நீரின்மேல் மிதக்கும் நான்கு சிற்றிலைகள், ஒரே காம்பின் நுனியில், நான்கு திசைக்கும் ஒன்றாக, கோலப்புள்ளியைச் சுற்றி வரைந்த நான்கு இதழ்போல. நீர் ஆழமாயிருந்தால் காம்பு ஒரு முழம்கூட நீண்டு இலையை மேலே மிதக்கவிடும். நீர் வற்றினால் காம்பு குட்டையாகி, சேற்றில் நிமிர்ந்து நிற்கும். அந்தி சாயும்போது நான்கு இலைகளும் கைகூப்பினாற்போல மேல்நோக்கி மடிந்துகொள்ளும், காலையில் விரியும். வடமொழியில் இதற்குச் சுனிஷண்ணகம் என்று பெயர். நன்றாக அமர்ந்தது என்று பொருள் கொள்ளலாம்.

இதைப் புளியாரையோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. புளியாரைக்கு மூன்று இலைகள், வாயிலிட்டால் புளிக்கும், சிறிய மஞ்சள் பூ பூக்கும். ஆரைக்கோ நான்கு இலைகள், புளிப்பு இல்லை. பூவும் இல்லை. எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் ஆரை பூக்காது, காய்க்காது, விதைக்காது. காரணம், அது பெரணி இனத்தைச் சேர்ந்தது. மலைவாசஸ்தலங்களில் ஈரப்பாறையோரம் விசிறிபோல விரிந்திருக்குமே, அந்தப் பெரணிகளின் நீர்வாழ் உறவு இது. பூ உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே தோன்றிவிட்ட குலம்.

பெரணியை நாம் மருந்தாகவும் உணவாகவும் கொள்வது புதிதல்ல. கொல்லிமலை அறப்பளீசுவரரைத் தரிசிக்கச் சென்றவர்கள் மலைப்பாதையில் கம்பளிபோல் மயிர் போர்த்த ஒரு கிழங்கை விற்கக் கண்டிருப்பீர்கள். முடவாட்டுக்கால் என்பார்கள். மூட்டுவலிக்கு நல்லதென்று ரசமாக வைத்துக் குடிப்பது வழக்கம். அது பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு. பழைய மதில்களின் இடுக்கில் மயில்தோகையைச் சிறிதாக்கினாற்போல் வளரும் மயில்சிகையும் பெரணியே. சித்த மருத்துவத்தில் அதற்கும் இடமுண்டு. ஆனால் இவை மலையிலும் மதிலிலும் வளர்பவை. சமவெளியில் ஏழைக் குடியானவன் கைக்கு எட்டும் பெரணி ஆரை ஒன்றே.

கடல்கடந்த நாடுகளிலும் இக்குலத்துக்குப் பெருமதிப்பு உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குச் செல்லும் நம் வாசகர்கள் சிலர், பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், 1970இல் நிறுவப்பட்ட சைவ ஆதீனத்தையும், பெங்களூருப் பக்கத்தில் சிற்பிகள் கையாலேயே செதுக்கி அனுப்பிய கருங்கல்லால் எழுந்த இறைவன் கோயிலையும் தரிசித்திருக்கலாம். அந்தத் தீவுகளின் மழைக்காட்டில் ஹாப்பு என்றொரு மரப்பெரணி வளர்கிறது. ஆளைவிட உயரம். அதன் இளந்தளிர் அடியில் பொன்னிறப் பட்டுமயிர் சுருண்டிருக்கும். அதைப் பூலு என்பார்கள். தீவின் பூர்வகுடிகள் அதைப் புண்ணுக்குக் கட்டினார்கள். இறந்தோரின் உடலைப் பதப்படுத்தவும் பயன்படுத்தினார்கள். பஞ்ச காலத்தில் அடிமரத்தின் மாவுச் சோற்றைச் சுட்டு உண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வணிகர்கள் கண் அதன்மேல் விழுந்தது. மெத்தையிலும் தலையணையிலும் அடைக்கக் கப்பல் கப்பலாகப் பூலு ஏற்றுமதியாயிற்று. மெதுவாக வளரும் அந்த மரங்கள் ஏராளமாக அழிந்த பிறகே அந்த வணிகம் ஓய்ந்தது.

அம்மக்களின் பக்தி முறை ஒன்று நம் மனத்துக்கு நெருக்கமானது. ஹூலா என்னும் அவர்களது புனித நடனத்துக்கு லாகா என்பவள் அதிதேவதை. அவளுக்கு அமைக்கும் பீடத்தைப் பலபலாய் என்ற மென்மையான பெரணி இலைகளால் அலங்கரிப்பார்கள். அதைப் பறிக்கக் காட்டுக்குள் செல்லும்போது, எல்லையில் நின்று பாடி, அனுமதி கேட்டுவிட்டே நுழைவார்கள். நம் சித்த மரபில் மூலிகை பறிக்குமுன் மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, தூபம் காட்டிச் சாபநிவர்த்தி செய்வது நினைவுக்கு வருகிறதல்லவா? துவாதசியில் துளசி பறிக்கலாகாது, அந்தியில் எந்தச் செடியையும் தொடலாகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் விதித்ததும் அதே மனப்பாங்குதான்.

அதே தீவுகளில் நம் ஆரையின் உடன்பிறப்பும் ஒன்று உண்டு. மழைக்காட்டில் அல்ல, மழை குறைந்த தாழ்நிலத்தில், மாரியில் நீர் தேங்கிக் கோடையில் வெடிக்கும் குட்டைகளில். அதே நான்கு இலை. அங்கே அதை இஹிஇஹி என்பார்கள். குடியிருப்புகளும் அயலகப் புல்லும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், 1992இல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையிலுள்ள தாவரமாகப் பட்டியலிட்டது. நம்முடையது அந்த நிலைக்கு வரவில்லை. இன்றும் நெல் விளையும் ஊர்களில் எல்லாம் கண்ணில் படும்.

இனி ஏரிக்கரைக்குத் திரும்புவோம். அந்த இளம்பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை. என்னுடைய அரைகுறை இந்தியில் ஊர் எதுவென்று விசாரித்தேன். ஒடிசா, புரிக்குப் பக்கத்துக் கிராமம். கணவனுக்கு இங்கே ஓர் ஆலையில் வேலை. மடியிலிருந்த கீரையைக் காட்டி, “சுனுசுனியா சாகோ” என்றாள். சுனிஷண்ணகம்தான் ஒடியா மொழியில் தேய்ந்து சுனுசுனியாவாகி, ஆயிரம் கி.மீ.க்கு அப்பாலிருந்து அவள் நாவில் வந்திருக்கிறது! மொழி தெரியாத ஊரில், கடையில் எதைக் கேட்பதென்று அறியாமல் தவித்தவள், ஒருநாள் இந்தக் கரையில் தாய்வீட்டுக் கீரையைக் கண்டு இறங்கியிருக்கிறாள். அங்கே ஏற்கெனவே மூதாட்டி பறித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று முதல் இருவரும் சிநேகம். “எனக்கு அது பேசறது புரியாது, அதுக்கு நான் பேசறது புரியாது. கீர மட்டும் புரியும்” என்று சிரித்தார் மூதாட்டி.

எனக்கு உடையவரின் நினைவு வந்தது. எம்பெருமானார் புரிக்கு எழுந்தருளி, ஜகந்நாதன் சந்நிதியில் வழிபாட்டு முறையைத் திருத்தி அமைக்க முயன்றார் என்றும், பெருமாளுக்கு அது திருவுள்ளமாகாததால், ஓர் இரவில் உறங்கிக்கொண்டிருந்த அவரை ஸ்ரீகூர்மத்தில் கொண்டுபோய் விட்டார்கள் என்றும் குருபரம்பரைக் கதை சொல்லும். தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள மறுத்த அந்தப் பெருமாளின் ஊர்ப்பெண், தன் வழக்கத்தை விடாமல் உடையவரின் ஊருக்குப் பக்கத்தில் வந்து கீரை பறிக்கிறாள்.

மூதாட்டி சொன்ன பழங்கதை நீளமானது. அவருடைய இளமையில் இங்கெல்லாம் நெல். நாற்று நட்ட இருபது, இருபத்தைந்து நாளில் களையெடுப்பு. நிலக்காரருக்கு ஆரை ஒரு களை; பிடுங்கி வரப்பில் எறிய வேண்டியது. களையெடுக்கும் பெண்களுக்கோ அதுவே அன்றைய குழம்பு. கூலிக்குமேல் கிடைத்த உரிமை என்றுகூடச் சொல்லலாம். மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். மிஞ்சியதைக் கூறு கட்டி ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவில் விற்பார்கள். பிறகு நிலம் கைமாறியது. நடவு நின்றது. நடவு நின்றதும் களையெடுப்பு நின்றது. களையெடுப்பு நின்றதும் கீரை மட்டுமல்ல, அதைப் பற்றித் தெரிந்தவர்களின் கூட்டமும் கலைந்துவிட்டது. அவருடைய பேத்திகள் இருவரும் ஆலையில் வேலை செய்கிறார்கள், நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். “அதுங்களுக்கு இது புல்லுங்க” என்றார், வருத்தமில்லாமல்.

ஒன்றை மட்டும் அவர் மிகக் கண்டிப்பாகச் சொன்னார். ஏரியின் ஒரு புறத்தில் வாய்க்கால் ஒன்று வந்து சேர்கிறது. அந்தப் பக்கத்தில்தான் ஆரை கொழுகொழுவென்று, கரும்பச்சையாக அடர்ந்திருந்தது. இவர்கள் பறித்த பக்கத்தில் சற்று மெலிந்துதான் இருந்தது. ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டேன். “அந்தத் தண்ணி ஆவாதுங்க சாமி. மேல பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். மாடுகூட அங்க வாய் வெக்காது.” இளம்பெண்ணுக்கு இதை அவர் எப்படி விளக்கினார் என்று கேட்டதும், மூக்கைப் பொத்திக் கையை வேகமாக ஆட்டிக் காட்டினார், அவளும் சிரித்துக்கொண்டே அப்படியே செய்து காட்டினாள்.

மூதாட்டியின் எச்சரிக்கைக்கு அறிவியலிலும் ஆதாரம் உண்டு. ஆரை இனம் தான் நிற்கும் நீரிலும் சேற்றிலும் உள்ள ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்த இதை வளர்க்கலாமா என்று ஆய்வுகளே நடந்திருக்கின்றன. நீருக்கு அது நன்மை. அந்தக் கீரையை உண்பவருக்குத் தீமை. சமைத்தாலும் உலோகம் போகாது. ஆகவே ஆரையைப் பொறுத்தவரை, எந்தச் செடி என்று தெரிந்தால் மட்டும் போதாது. எந்த நீரில் நின்றது என்றும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது அறிவு புத்தகத்தில் கிடைக்காது. அந்தக் கரையில் ஆண்டு முழுவதும் நடந்தவருக்கே அது கைவரும்.

இதற்கு ஆஸ்திரேலிய நாட்டில் நடந்த ஒரு துயரக் கதையைச் சொல்லவேண்டும். 1860இல் பர்க், வில்ஸ் என்ற இருவர் தலைமையில் ஒரு பெருங்குழு, கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கப் புறப்பட்டது. திரும்பும் வழியில் உணவு தீர்ந்துவிட்டது. கூப்பர் ஓடைக்கரையில் வாழ்ந்த யந்துருவந்தா மக்கள், அங்கு விளையும் ஆரையினத்தின் உலர்ந்த முடிச்சுகளை இடித்து மாவாக்கி உண்பதை அவர்கள் கண்டார்கள். நார்டூ என்பது அதன் பெயர். தாங்களும் அதையே இடித்து உண்டார்கள். வயிறு நிரம்பியது, உடலோ நாளுக்கு நாள் தளர்ந்தது. 1861இல் இருவரும் மாண்டார்கள். ஆரையினத்தில் உள்ள ஒரு பொருள் பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடக் கூடியது. பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட பக்குவத்தில் அந்தத் தீங்கு நீங்கிவிடும். வந்தவர்கள் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டுவிட்டார்கள் என்றே பிற்கால அறிஞர்கள் கருதினர். அந்த மக்களோடு சேர்ந்து வாழ்ந்து, அவர்கள் கையால் உண்ட கிங் என்ற ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார்.

நம் வீடுகளில் ஆரையைப் பச்சையாக உண்ணும் வழக்கம் இல்லை. நன்றாக வேகவைத்தே உண்போம். இப்போது கீரைகளைப் பச்சையாக அரைத்துக் காலையில் குடிக்கும் நாகரிகம் பரவியிருக்கிறது. ஆரையை அப்படிக் குடிக்கலாகாது என்று உறுதியாகச் சொல்வேன்.

சமைக்கும் முறை எளிது. காம்பின் முரட்டுப் பகுதியை நீக்கி, இலையையும் இளங்காம்பையும் மூன்று நான்கு முறை நீர் மாற்றி அலசவேண்டும்; சேற்றில் வளர்வதால் மண் லேசில் விடாது. பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவிட்டு, அதில் நறுக்கிய கீரையைச் சேர்த்துக் குழைய வேகவைத்து, மிளகு, சீரகம், சிறிது தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டாக இறக்கலாம். பூண்டு சேர்ப்போர் உண்டு. சேர்க்காத வீடுகளில் பெருங்காயம் போதும். சுவை மென்மையானது, கசப்பே இல்லை. முளைக்கீரையைவிடச் சற்று வழவழப்பு. என் பாட்டி நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கஷாயமாக்கிப் பாலும் பனங்கற்கண்டும் சேர்த்துக் கொடுப்பார். சாதுர்மாஸ்யத்தில் முதல் மாதம் கீரையை விலக்கும் சாக விரதக்காரர்கள் அந்தக் காலத்தில் இதைத் தொடமாட்டார்கள்.

உடற்சூட்டைத் தணிக்கும், மிகுதாகத்தைப் போக்கும், அடிக்கடி நீர் பிரிவதைக் கட்டுப்படுத்தும் என்று சித்த மருத்துவம் ஆரையைப் போற்றுகிறது. சரக சம்ஹிதையில் மூலநோய்க்குச் சொல்லப்படும் ஒரு நெய், சுனிஷண்ணகத்தையும் புளியாரையையும் சேர்த்துக் காய்ச்சுவது. பெயரால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோமே என்று முன்பு சொன்னேன். அவை இரண்டும் ஒரே சட்டியில் கூடுவது அங்கேதான். வங்காளத்தில் உறக்கம் வராதவர்களுக்கு இதைச் சமைத்துக் கொடுப்பார்கள். நீரிழிவுக்காரர்கள் இதைக் கேட்டு மருந்து மாத்திரையை நிறுத்திவிடவேண்டாம். கீரையை உணவாகக் கொள்ளுங்கள். சிகிச்சையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

வங்காளத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. தீபாவளியை ஒட்டிக் காளி பூஜைக்கு முந்தைய நாள் அங்கே பூத சதுர்த்தசி. நாம் நரக சதுர்த்தசி என்று கொண்டாடும் அதே திதி. அன்று பதினான்கு விளக்கேற்றி, பதினான்கு வகைக் கீரைகளைச் சேர்த்துச் சமைத்து உண்பார்கள். அந்தப் பதினான்கில் ஆரையும் ஒன்று. சுஷுனி என்பது அவர்கள் இட்ட பெயர். மறைந்த பதினான்கு தலைமுறை முன்னோருக்காக என்பது நம்பிக்கை.

கீரையால் தெய்வத்தை உபசரித்த கதைகளுக்கு நம்மிடமும் குறைவில்லை. விதுரர் வீட்டுக் கீரையும், திரௌபதியின் அட்சய பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கும் கண்ணனுக்குப் போதுமானவையாயின. அவை என்ன கீரை என்று எந்தப் பௌராணிகரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் நின்று நினைக்கவேண்டிய அடியார் ஒருவர் உண்டு. மழை கொட்டும் நள்ளிரவில் அடியாராக வந்த ஈசனுக்கு அமுது படைக்க, காலையில் விதைத்த நெல்முளையை இருளில் வாரி வந்தவர் இளையான்குடி மாற நாயனார். கறிக்கு ஒன்றுமில்லாமல், கொல்லைக் குழியில் முற்றாதிருந்த சிறு கீரைகளைத் தடவிப் பறித்து வந்து மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மையார் அதிலேயே பலவிதக் கறியமுது ஆக்கினார். இதைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூர், நான் நின்றிருந்த ஏரிக்கரைக்கு வெகு தொலைவில் இல்லை. ஈரச் சேற்றில் விரல்விட்டுக் கீரை பறிப்பதைச் சேக்கிழார் ஏட்டில் மட்டும் படித்திருக்கமாட்டார்.

ஆரையின் மற்றோர் இயல்பு என்னை எப்போதும் வியக்கவைப்பது. ஏரி வற்றும்போது அதன் அடியில், தண்டை ஒட்டி, மிளகளவில் கடினமான கரும்பழுப்பு முடிச்சுகள் உண்டாகும். அடுத்த தலைமுறைக்கான நுண்தூள் அவற்றுள் பத்திரமாக இருக்கும். சித்திரை வெயிலில் ஏரித்தரை பாளம் பாளமாக வெடித்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்த முடிச்சுகள்கூட, ஓடு தேய்ந்து நீர் உட்புகுந்ததும் உயிர்த்திருக்கின்றன. உள்ளிருந்து பசைபோன்ற ஒரு வளையம் புழுப்போல நீண்டு வெளிவந்து, தூளை நீரில் பரப்பும். ஒரு நல்ல ஐப்பசி மழை பெய்தால் போதும். ஆனால் மேலே கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் அந்த மழை அதற்கு எட்டாது.

புறப்படும்போது மூதாட்டி ஒரு கைப்பிடிக் கீரையை, வேரோடு கூடிய கொடித்தண்டுடன், ஒரு பாலித்தீன் பையில் போட்டுத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். “கோயிலுக்கு வந்தவங்க கையில காசு வாங்கக் கூடாதுங்க” என்றார். முருகன் சந்நிதி விபூதிப் பொட்டலத்தை அவரிடமும் அந்தப் பெண்ணிடமும் கொடுத்தேன். இருவரும் அங்கேயே நெற்றியில் இட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தண்டை வீட்டு மாடியில் நட்டேன். வாசகர்களும் முயலலாம். நகரத்தில் விற்கும் ஆரை எந்த நீரில் வளர்ந்தது என்று விசாரித்து அறிவது கடினம். வீட்டில் வளர்ப்பதே பாதுகாப்பு. உடைந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும். அடியில் நான்கு விரற்கடை களிமண், அதன்மேல் சிறிது மட்கிய சாணம். வேர்க்கணு மண்ணில் புதையும்படி தண்டைக் கிடைமட்டமாக நட்டு, இரண்டு விரற்கடை நீர் நிற்கவிட வேண்டும். நாளில் பாதிப் பொழுதாவது வெயில் படவேண்டும். கொசு முட்டையிடாதபடி சிறு மீன் இரண்டை விடுவது நல்லது. ஒன்றிரண்டு மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும். முழுதும் பறிக்காமல் ஒரு பங்கை விட்டுவைத்தால் மீண்டும் தழைக்கும். எங்கள் வீட்டில் தொட்டி துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாலை விளக்கேற்றப் போகும் நேரத்தில் இலைகள் மடியத் தொடங்கிவிடும்.

தல யாத்திரை செல்வோர் கவனத்துக்கு: சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பேருந்து வசதி நிறைய உண்டு. காலையிலேயே ஆதிகேசவரையும் உடையவரையும் சேவித்துவிட்டு, வல்லக்கோட்டை வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லலாம். ரயில் நிலையம் அங்கே இருப்பதால் திரும்புவதும் எளிது. பகல் நேரத்தில் கோயில்களின் நடை சாத்தப்படும் என்பதை மனத்தில் கொண்டு புறப்படுங்கள். ஆலைகளில் பணிநேரம் மாறும்போது சாலையில் நெரிசல் கடுமையாக இருக்கும். முதியவர்கள் சாலையைக் கடக்கையில் துணையோடு செல்வது நல்லது.